இஎஸ்பி32 போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் போர்ட் மட்டும் வரவில்லை

புதுக்கம்பி:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு இஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் சின்ன சிப் பலகை), அதில் கம்ப்யூட்டரோடு பேசும் யூஎஸ்பி சிப் சிஎச்340. கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04. கேபிளைச் செருகியதும் போர்டில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆனால் புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ ஐடிஇ-யில் டூல்ஸ் மெனுவைத் திறந்தால் போர்ட் என்ற வரி மங்கலாகவே கிடக்கிறது, அழுத்தவே முடியவில்லை. (போர்டு, போர்ட் என்று மாற்றி மாற்றி எழுதி எனக்கே குழம்புகிறது. போர்டு என்றால் அந்தப் பச்சைப் பலகை, போர்ட் என்றால் கம்ப்யூட்டரில் வரவேண்டிய சீரியல் போர்ட், அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.)

இதுவரை ஐடிஇ-யை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், இஎஸ்பி32 பேக்கேஜை மறுபடி இறக்கினேன், கம்ப்யூட்டரில் இருக்கும் நான்கு யூஎஸ்பி ஓட்டையிலும் செருகிப் பார்த்தேன், கடைசியில் எங்கோ கிடைத்த சிஎச்340 டிரைவரை நானே கம்பைல் செய்யப் போய் அது பாதியில் எர்ரர் அடித்து நின்றுவிட்டது. நண்பனின் விண்டோஸ் லேப்டாப்பில் இதே போர்டு உடனே காம்4 என்ற போர்ட்டாக வந்தது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கம்பிக்கட்டு:

கேபிள்.

சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், விளக்கமும் தருகிறேன். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பி இருக்கும், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் மலிவான கேபிள்களில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கும், பச்சை வெள்ளை இரண்டையும் போடவே மாட்டார்கள். விளக்கு எரிகிறது என்பது அந்த இரண்டு கம்பிக்கு மட்டும்தான் சாட்சி. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நான் ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறேன், தடித்த உறைக்குள் தலைமுடி மாதிரி இரண்டே இரண்டு கம்பி. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

புதுக்கம்பி:

நன்றி. ஆனால் நண்பன் லேப்டாப்பில் வேலை செய்ததும் இதே கேபிளில்தான், முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு. இதே கேபிளில் போனிலிருந்து படங்களையும் காப்பி செய்திருக்கிறேன்.

கம்பிக்கட்டு:

சரி, அப்படியானால் இந்தத் தடவை நான் விலகிக்கொள்கிறேன்.

பழைய மல்டிமீட்டர்:

எதையும் இனி மாற்றாதீர்கள், கொஞ்சம் பாருங்கள். மூன்று நாளில் நீங்கள் மாற்றியது நிறைய, பார்த்தது ஒன்றுமே இல்லை. செருகும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று தெரியாமல் நாம் எல்லோரும் குருட்டாம்போக்கில் ஊகம் சொல்லிக்கொண்டிருப்போம்.

டெர்மினலில், லினக்ஸின் உட்கருவான கர்னல் சொல்வதைக் காட்டும் டிமெசேஜ் (டிஎம்இஎஸ்ஜி) கமாண்டை, அட்மின் அதிகாரம் தரும் சூடோ போட்டு ஓட்டுங்கள் (22.04-இல் சூடோ இல்லாமல் காட்டாது), கூடவே ஹைஃபன் டபிள்யூ கொடுங்கள், அப்போதுதான் அது முடியாமல் காத்திருந்து புது வரி வர வரக் காட்டும். போர்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தடவை என்டர் தட்டிக் கொஞ்சம் இடம் விடுங்கள், பிறகு செருகுங்கள். அதற்குக் கீழே வருவது மட்டும்தான் நமக்கு வேண்டும்.

செருகியும் ஒரு வரிகூட வரவில்லை என்றால், போர்டு வந்ததே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. போர்டில் உள்ள யூஎஸ்பி சிப் டி பிளஸ் கம்பியை (அந்தப் பச்சை டேட்டா கம்பி) 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், அந்தக் கம்பி மேலே போவதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று எழுந்து பேசத் தொடங்கும். வரியே இல்லை என்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சிப்புக்கு உயிர் இல்லை. கம்பிக்கட்டு சொன்ன கேபிள் கதை இந்த ரகம்.

புது டிவைஸ் என்று ஒரு வரி வந்து, அப்புறம் டிஸ்கிரிப்டர் (தான் யார் என்று கருவி சொல்லும் விவரம்) படிக்க முடியவில்லை, எர்ரர் -71 அல்லது -110 என்று திரும்பத் திரும்ப வந்தால், ஆள் வந்தது தெரிகிறது, ஆனால் பேச்சு புரியவில்லை. -71 என்றால் வந்த பேச்சே குளறுபடி, -110 என்றால் காத்திருந்தும் பதில் இல்லை. ஆட்டம் காணும் சாக்கெட், நீளமான மட்டமான கேபிள், மின்சாரம் போதாத ஹப், கனெக்டர் பக்கத்தில் மோசமான சாலிடர், இப்படித் தேட வேண்டும்.

ஐடி எண்ணோடு (வெண்டர், புராடக்ட் என்று இரண்டு எண்) ஒழுங்காக வந்துவிட்டது என்றால் கேபிளும் சாக்கெட்டும் சிப்பும் நல்லபடியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த எண் வந்ததே டேட்டா கம்பி வழியாகத்தான். பிறகு பிரச்சினை முழுக்க கம்ப்யூட்டருக்குள்ளே.

எது வருகிறது என்று அப்படியே எழுதுங்கள். அந்த டிரைவர் கம்பைல் செய்யும் வேலையை நிறுத்திவிடுங்கள், சிஎச்341 என்ற பெயரில் அது பல வருடமாக லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, சிஎச்340-க்கும் அதுதான்.

புதுக்கம்பி:

பார்த்தேன். வரி வருகிறது! ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ் என்று ஒன்று, அப்புறம் வெண்டர் 1ஏ86, புராடக்ட் 7523. அடுத்து சிஎச்341 கன்வர்ட்டர் டிடிஒய்யூஎஸ்பி0-வில் (லினக்ஸில் சீரியல் போர்ட்டின் பெயர்) இணைந்தது என்று வருகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், ஒன்றிரண்டு விநாடியில், இண்டர்ஃபேஸ் 0 சிஎச்341 பிடியில் இருக்கும்போது ‘பிஆர்எல்டிடிஒய்’ எதையோ செட் செய்கிறது என்ற மாதிரி ஒரு வரி, உடனே டிடிஒய்யூஎஸ்பி0 இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று முடிகிறது. ஆனால் செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கமாண்டில் அந்த 1ஏ86:7523 அப்படியே இருக்கிறது. போர்டு இருக்கிறதா இல்லையா?

பழைய மல்டிமீட்டர்:

போர்டு இருக்கிறது, உங்கள் போர்ட்டைத்தான் ஒருவர் கொத்திக்கொண்டு போகிறார்.

பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் டிஸ்பிளேக்களைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் புரோகிராம். உபுண்டுவில் பலருக்கு அது கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு பிரெய்ல் கருவியிலும் உள்ளே இதே ரகச் சிப்தான், அதற்கும் இதே 1ஏ86:7523 தான் ஐடி. சிப் தயாரித்தவர் கொடுத்த பொதுவான எண்ணை யாரும் மாற்றாமல் அப்படியே விட்டதால் வந்த வினை. உங்கள் இஎஸ்பி32-ஐச் செருகினால் ‘ஆஹா, பிரெய்ல் டிஸ்பிளே வந்துவிட்டது’ என்று அது பாய்ந்து பிடிக்கிறது, சிஎச்341 டிரைவர் கையை விட்டுவிடுகிறது, போர்ட் மறைகிறது. நண்பனின் விண்டோஸ் லேப்டாப்பில் இந்தப் புரோகிராம் இல்லாததால் அங்கே பிரச்சினை இல்லை. 22.04 வந்த 2022-இல் இதே புலம்பல் எல்லா இடத்திலும் கேட்டது.

பிஆர்எல்டிடிஒய் பேக்கேஜை ஆப்ட் ரிமூவ் செய்துவிட்டு, போர்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

ஆறுபுள்ளி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரிமூவ் செய் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் சொல்லாதீர்கள். இதைப் படிப்பவர்களில் என்னைப் போல அந்தப் புரோகிராமை வைத்துத்தான் கம்ப்யூட்டரையே பயன்படுத்துகிறவர்களும் இருப்பார்கள். நானும் இஎஸ்பி32 போர்டு வைத்திருக்கிறேன், இரண்டும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

எந்தக் கருவி செருகினால் என்ன செய்வது என்று லினக்ஸில் முடிவு செய்வது யூடெவ். 85-பிஆர்எல்டிடிஒய் என்று தொடங்கும் யூடெவ் ரூல்ஸ் ஃபைல் ஒன்று யூஎஸ்ஆர்-லிப்-யூடெவ் ஃபோல்டருக்குள் இருக்கும். அதை அப்படியே, அதே பெயரில், ஈடிசி-யூடெவ்-ரூல்ஸ்.டி ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். அந்தக் காப்பியில் 1ஏ86/7523 வரும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு முடக்கிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஈடிசி-யில் இருப்பதைத்தான் யூடெவ் எடுத்துக்கொள்ளும், அதனால் அப்டேட் வந்தாலும் நீங்கள் மாற்றியது அழியாது, அசல் ஃபைலிலேயே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். பிறகு யூடெவ் ரூல்ஸை ரீலோட் செய்யுங்கள், அல்லது ஒரு தடவை ரீஸ்டார்ட். உங்கள் பிரெய்ல் டிஸ்பிளேயே அந்த ஐடி உடையதாக இருந்தால் மட்டும் இது உதவாது, மற்ற எல்லோருக்கும் போதும்.

பழைய மல்டிமீட்டர்:

நியாயம். நான் அவசரப்பட்டுவிட்டேன். புதுக்கம்பி, அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

புதுக்கம்பி:

ஆறுபுள்ளி அவர்களுக்கு மிக்க நன்றி, காப்பி எடுத்து அந்த ஒரு வரியை முடக்கினேன், போர்ட் வந்து அப்படியே நிற்கிறது, மெனுவிலும் தெரிகிறது! ஆனால் அப்லோடு கொடுத்தால் பெர்மிஷன் டினைடு என்கிறது. ஐடிஇ-யை சூடோவில் ஓட்டிவிடலாமா?

சாலிடர் புகை:

வேண்டாம். சூடோவில் ஒரு தடவை ஓட்டினால் உங்கள் ஃபோல்டருக்குள் ரூட் (அட்மின்) பெயரில் ஃபைல்களை உருவாக்கி வைத்துவிடும், நாளைக்குச் சாதாரணமாகத் திறந்தால் அதையே எழுத முடியாமல் இன்னொரு தலைவலி வரும். நான் பட்டிருக்கிறேன்.

அந்த போர்ட்டுக்குச் சொந்தக்காரர் ரூட், குழு டயல்அவுட். மோடம் வைத்து டயல் செய்த காலத்துப் பெயர், இன்னும் மாறவில்லை. உங்கள் யூசரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும், யூசர்மாட் கமாண்டில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சிறிய ஏ-வை மறந்தால் சூடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து உங்களை வெளியே தள்ளிவிடும், ஜாக்கிரதை. சேர்த்ததும் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஆர்ச் லினக்ஸ்காரர்கள் யாராவது படித்தால், உங்களுக்கு அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி.

இடையில் ஒருவன்:

இதே பிரச்சினை எனக்கும், ஆனால் விண்டோஸ் 11. டைப்-சி சாக்கெட் உள்ள சின்ன போர்டு, அதிலும் சிஎச்340 தான். லேப்டாப்பிலும் டைப்-சி, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள நல்ல தடிமனான கேபிள். செருகினால் விளக்கே எரியவில்லை. போர்டு செத்துவிட்டதா?

சாலிடர் புகை:

இதே பிரச்சினை இல்லை, உங்களுடையது வேறு. இன்னும் சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

டைப்-சியில் சும்மா செருகினால் மின்சாரம் வராது. போர்டு பக்கம் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்னிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் லேப்டாப் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க இந்த இரண்டு ரெசிஸ்டரையும் விட்டுவிடும் போர்டுகள் நிறைய உண்டு. பெரிய பெயர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள், 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பில் இரண்டு சிசி பின்னையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்து வைத்ததால், உள்ளே சிப் வைத்த சில டைப்-சி கேபிள்களில் அது பவர் வாங்காமல் நின்றது.

ஒரு பக்கம் பழைய செவ்வக யூஎஸ்பி (டைப்-ஏ), மறு பக்கம் டைப்-சி இருக்கும் கேபிளில் போட்டுப் பாருங்கள். பழைய சாக்கெட் யாரையும் கேள்வி கேட்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு முன் உங்கள் கேபிளைப் போர்டு பக்கம் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை செருகுங்கள். ஒரு ரெசிஸ்டர் மட்டும் போட்டிருந்தால் ஒரு திசையில் மட்டும் உயிர் வரும்.

புதுக்கம்பி:

பெர்மிஷன் தீர்ந்தது. லாக்அவுட் செய்யாமல் அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன், சாலிடர் புகை சொன்னது அப்புறம்தான் உறைத்தது. இப்போது அப்லோடு தொடங்குகிறது, கனெக்டிங் என்று புள்ளி புள்ளியாகப் போகிறது, கடைசியில் ராங் பூட் மோட், 0எக்ஸ்13 என்று சொல்லிவிட்டு நிற்கிறது. இதுவும் யாராவது கொத்திக்கொண்டு போவதா?

பழைய மல்டிமீட்டர்:

இல்லை, இது நல்ல செய்தி. அந்த 0எக்ஸ்13 என்பது சிப் ரீசெட் ஆகி எழுந்ததும் தானே சொல்கிற வார்த்தை, ‘நான் ஃபிளாஷ் மெமரியில் இருக்கும் பழைய புரோகிராமை ஓட்டப் போகிறேன்’ என்று அர்த்தம். அது உங்கள் திரைக்கு வந்திருக்கிறது என்றால் ரீசெட் வேலை செய்கிறது, சிப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் சீரியல் கம்பியும் சரி. ஒன்றே ஒன்றுதான் நடக்கவில்லை, ரீசெட் ஆகும் அந்த நொடியில் ஜிபிஐஓ 0 என்ற பின் கிரவுண்டில் இருக்க வேண்டும், உங்களுக்கு இல்லை.

போர்டில் பூட், ஈஎன் என்று இரண்டு சின்ன பட்டன் இருக்கும். பூட் பட்டன் ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டுக்கு இழுப்பது, ஈஎன் ரீசெட். அப்லோடு கொடுத்துவிட்டுப் பூட்டை அழுத்திப் பிடியுங்கள், புள்ளிகள் நின்று எழுதுவது எத்தனை சதவீதம் என்று ஓடத் தொடங்கியதும் விட்டுவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பூட்டை அழுத்தியபடியே ஈஎன்-ஐ ஒரு தட்டு தட்டுங்கள். ஏதாவது சென்சார், டிஸ்பிளே மாட்டியிருந்தால் முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், முக்கியமாக 0, 1, 3, 12 ஆகிய பின்களில் இருப்பவை. 1-உம் 3-உம் அப்லோடு நடக்கும் கம்பிகளே. 12-ஐ யாராவது மேலே இழுத்துப் பிடித்தால் சிப் ஃபிளாஷுக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் கிடக்கும்.

புதுக்கம்பி:

ஏறிவிட்டது!! பூட்டைப் பிடித்ததும் உடனே ஏறியது. நீல விளக்கு மினுங்குகிறது, ஐந்து நிமிடம் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இப்படி விரலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

சாலிடர் புகை:

வேண்டாம். ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், எலக்ட்ரோலிடிக் என்றால் பிளஸ் கால் ஈஎன் பக்கம், வெள்ளைக் கோடு போட்ட கால் கிரவுண்டு பக்கம். டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு சிக்னல்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் இந்த இரண்டு பட்டனையும் தானே அழுத்துகிறது, ஆனால் டிரைவர் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவதால், ஜிபிஐஓ 0 கீழே இறங்குவதற்குள் ஈஎன் மேலே ஏறிவிடுகிறது. கெப்பாசிட்டர் ஈஎன்-ஐக் கொஞ்சம் மெதுவாக ஏற வைக்கும், அந்தத் தாமதம் போதும். சாலிடர் கூடத் தேவையில்லை, பிரெட்போர்டில் இரண்டு காலையும் செருகினாலே ஆயிற்று.

இடையில் ஒருவன்:

திருப்பிப் போட்டாலும் எரியவில்லை. பழைய செவ்வக யூஎஸ்பி கேபிளில் போட்டதும் விளக்கு எரிந்துவிட்டது, நன்றி சாலிடர் புகை! ஆனால் செருகும்போது டிங் சத்தமே வரவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே செருகினேன், ஒரு அசைவும் இல்லை, மஞ்சள் முக்கோணம்கூட இல்லை. டிரைவர் போட வேண்டுமா?

பழைய மல்டிமீட்டர்:

டிரைவர் இல்லை என்றாலும் தெரியாத டிவைஸ் என்று மஞ்சள் முக்கோணமாவது வந்து நிற்கும், எர்ரர் கோட் 28 என்று இருக்கும். பேச்சு குளறினால் டிஸ்கிரிப்டர் கேட்டுக் கிடைக்கவில்லை என்று எர்ரர் கோட் 43 வரும். எதுவுமே அசையவில்லை என்றால் மேலே நான் முதலில் சொன்ன ரகம். இந்தச் செவ்வக யூஎஸ்பி கேபிள் எங்கிருந்து வந்தது?

இடையில் ஒருவன்:

மேசை விளக்கோடு வந்தது, சார்ஜ் செய்ய.

கம்பிக்கட்டு:

நான் மறுபடி உள்ளே வரலாமா?

இடையில் ஒருவன்:

வாருங்கள், வாருங்கள். வேறு கேபிள் தேடி எடுத்துப் போட்டேன், டிங் என்று கேட்டது, காம்5.